ரோல் நம்பர் 9... பிரசென்ட் சார்!



இந்த வாரம் ஒரு சின்ன டெஸ்ட்டோட ஆரம்பிக்கலாம். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது. நாளைக்குக் காலைல அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது காதைத் தீட்டி வெச்சுக்கோங்க. சார் 'எட்டு'ன்னு கூப்பிடுவார். 'பிரசென்ட் சார்'. அடுத்து 'ஒன்பது'ம்பார். அவ்வளவுதான், கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு 'க்ளுக்' கேட்கும். அந்த நம்பருக்குச் சொந்தக்காரன் பாவம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு 'யெஸ் சார்'னு முனகுவான். எங்க கிளாஸ்ல ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் யார் யாரோ ஆப்சென்ட் ஆகியிருக்கோம். இந்தச் சிரிப்பு மட்டும் ஹண்ட்ரட் பர்சென்ட் அட்டெண்டன்ஸ்!

எட்டுக்கு யாரும் சிரிக்கிறதில்ல. பத்துக்கும் சிரிக்கிறதில்ல. கோள் ஒன்பது, மணி ஒன்பது, நவராத்திரி ஒன்பது... எல்லாம் மரியாதையாத்தான் இருக்கு. கிளாஸ் ரூம்ல மட்டும் அது எப்படி பாஸ் கெட்ட வார்த்தையாச்சு? எந்த சிலபஸ்ல படிச்சோம்? யார் டீச்சர்?

வேற யாரு... டி.வி. டீச்சர்தான்!

சொந்தக் கதை ஒண்ணு சொல்றேன். நான் திருச்செந்தூர்ப் பையன். பத்தாவது படிக்கும்போது எங்க கிளாஸ்ல ஒரு ஃப்ரெண்ட். ரோல் நம்பர் 23. கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். ஆண்டு விழான்னா முதல் பாட்டு அந்தக் குரல்தான். நடையில கொஞ்சம் நளினம். மேட்டர் முடிஞ்சது! 23-ஐ அழிச்சிட்டு மொத்த கிளாஸும் 9 போட்டுடுச்சு. இன்டர்வெல்லுக்கு வெளியில போனா பின்னாடியே கைதட்டல். காமெடி சேனல்ல பார்த்தோமே, அதே தட்டு, அதே இழுவைக் குரல். அந்தக் கைகள்ல ரெண்டு என்னோடது.

பிளஸ் ஒன் பாதியில அந்த இடம் காலியாச்சு. வீட்டை விட்டுப் போயாச்சுன்னு சொன்னாங்க. நாங்க அதுக்கும் ஒரு ஜோக் அடிச்சிட்டு கெமிஸ்ட்ரி லேப்புக்குப் போயிட்டோம்.

அந்த ஃப்ரெண்ட் இன்னைக்கு ஒரு திருநங்கை. அதனால இனிமே 'அவ'ன்னுதான் சொல்லப்போறேன். பேர் போட மாட்டேன், அவ போடக் கூடாதுன்னு சொல்லிட்டா. கடைசியில மறுபடியும் வருவா. அதுக்கு முன்னாடி, வாங்க... எங்க வீட்டு ஹால்ல கொஞ்ச நேரம் டி.வி. பார்த்துட்டு வந்துடலாம்.

ஆச்சி கையில ரிமோட்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா, சாயங்காலம் விளக்கு வெச்சதுக்கு அப்புறம் ரிமோட் எங்க ஆச்சி கையில. பத்தரை மணி வரைக்கும் யாரும் கிட்ட நெருங்க முடியாது. போன லீவுல என் போன் டிஸ்ப்ளே உடைஞ்சு சர்வீஸுக்குப் போயிருந்தது. வேற வழி? ஆச்சி பக்கத்துலயே உட்கார்ந்துட்டேன்.

ஒரு சீரியல்ல வளைகாப்பு. வாசல்ல கைதட்டல் சத்தம். திருநங்கைகள் வர்றாங்க, திருஷ்டி கழிக்கிறாங்க, 'நல்லா இருப்பே தாயி'ன்னு ஆசீர்வாதம் பண்றாங்க. மாமியார் பணம் கொடுக்கிறாங்க. வாங்கிட்டுப் போயிடறாங்க. மொத்தமே ரெண்டு நிமிஷம். அடுத்த சீரியல்ல ஹீரோயினைக் கடத்த வில்லி ஆள் அனுப்புறா. அந்தக் கும்பல்ல ஒரு 'திருநங்கை'. பெரிய பொட்டு, கரகரக் குரல், மீசையை மழிச்சிட்டு வந்து நிக்கிற ஒரு ஆம்பளை நடிகர்!

வளைகாப்பு சீன்ல ஆச்சி கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. "அவுக வாக்கு பலிக்கும்லா மக்கா."

"இப்ப அவுக எங்க போவாக ஆச்சி?"

"எங்கன்னா? அவுக வீட்டுக்குத்தான்."

"அந்த வீட்டக் காட்டுவானா?"

ஆச்சி ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. "வக்கீல் வீட்டக் காட்டிருக்கான். பால்காரன் வீட்டக் காட்டிருக்கான். ஜெயிலுக்குப் போனவன் வீட்டக்கூடக் காட்டிட்டான்ல... இதக் காட்டலியே!"

எங்க ஆச்சி அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவங்க. ஆனா, நான் இந்தப் பக்கத்துல சொல்ல வந்த விஷயத்தை மூணே வரியில சொல்லிட்டாங்க. சீரியல்னா என்ன? வீடு! ஹால் சோபா, பூஜை ரூம், சமையல்கட்டு, மாடிப்படி. கதையில நல்லவங்க, கெட்டவங்க எல்லாருக்கும் அங்க ஒரு ரூம் உண்டு. திருநங்கைக்கு மட்டும் வாசப்படி வரைக்கும்தான் அனுமதி. ஒண்ணு ஆசீர்வாதம் பண்ணணும், இல்ல அடியாள் வேலை பார்க்கணும். அவங்களுக்குப் பசி, வாடகை, ஜலதோஷம், அண்ணன் தம்பி சண்டை எதுவுமே கிடையாது. திருநம்பி நிலைமை இன்னும் மோசம். ஒரு சீரியல்ல அப்படி ஒருத்தரைப் பார்த்ததா எனக்கு ஞாபகமே இல்ல.

சீரியல்லாம் யாரு மச்சி பாக்குறா?

இதானே கேட்க வர்றீங்க? கேன்டீன்ல இந்த மேட்டரை எடுத்ததும் எங்க கேங்கும் இதையேதான் கேட்டுச்சு. "போ மச்சி, சீரியலே ஒரு குப்பை. அதுல நல்ல கேரக்டர் வந்தா என்ன, வராட்டி என்ன?"

நியாயமான டவுட்டு. நீங்களும் நானும் பார்க்கிறதில்ல, ஒத்துக்கிறேன். ஆனா, ஒரு பையன் ஒருநாள் 'அம்மா, நான் பொண்ணும்மா'ன்னு சொல்றான்னு வெச்சுக்குவோம். அவளை உள்ள கூப்பிடறதா, வெளியில துரத்தறதான்னு முடிவு பண்ணப்போறது யாரு? நம்ம கேங் கிடையாது. அம்மா, அப்பா, ஆச்சி, பெரியம்மா. அவங்க அத்தனை பேரும் சீரியல் பார்க்கிறாங்க பாஸ்! சினிமா ரெண்டரை மணி நேரத்துல முடிஞ்சிடும். சீரியல் வாரத்துல அஞ்சாறு நாள், வருஷக்கணக்கா நம்ம வீட்டுக்கே வந்து உட்காருது. எங்க ஆச்சி ஒரு சீரியல் மருமகளுக்காக நெய்விளக்கு போட்டிருக்காங்க, தெரியுமா? அந்த அளவுக்கு உரிமை வேற எந்தக் கலைக்கு இருக்கு?

சரி, தமிழ் டி.வி. எதுவுமே செய்யலையான்னா, அப்படியும் சொல்ல முடியாது. 2008-ல விஜய் டி.வி.யில 'இப்படிக்கு ரோஸ்' வந்தது. நடத்தின ரோஸ், அமெரிக்காவுல பயோமெடிக்கல் இன்ஜினீயரிங் மாஸ்டர்ஸ் முடிச்ச திருநங்கை. (இன்ஜினீயரிங் மக்களே, காலரைத் தூக்கி விட்டுக்கோங்க!) அதே வருஷம் ஏப்ரல் 15-ல தமிழ்நாட்டுல திருநங்கைகள் நல வாரியம் வந்தது. 2014 சுதந்திர தினத்தன்னிக்கு கோவை லோட்டஸ் நியூஸ் சேனல்ல பத்மினி பிரகாஷ் செய்தி வாசிச்சாங்க. 'பிக் பாஸ்' வீட்டுக்குள்ள 2021-ல நமீதா மாரிமுத்து போனாங்க. அடுத்த சீசன்ல ஷிவின் கணேசன், ஃபைனல் வரைக்கும் நின்னு மூணாவது இடம் பிடிச்சாங்க. மக்கள் ஓட்டுப் போடாம அது நடக்குமா?

ஆக, டாக் ஷோவுல நாற்காலி கிடைச்சது. நியூஸ்ல மேஜை கிடைச்சது. ரியாலிட்டி ஷோவுல கட்டில்கூடக் கிடைச்சது. ஆனா, இவங்க எல்லாருமே 'நான் திருநங்கை'ன்னு தங்களோட நிஜக் கதையைச் சுமந்துக்கிட்டு வந்தவங்க. கற்பனைக் கதையில, சும்மா ஒரு அக்காவா, சித்தியா, பக்கத்து வீட்டு டீச்சரா வருஷக்கணக்குல வாழ்ற சான்ஸ்? திருநங்கை நடிகைகள் அங்கொண்ணும் இங்கொண்ணுமா தலைகாட்டுறதோட சரி.

சினிமா நம்ம சீரியலைவிட ரெண்டு ஸ்டெப் முன்னாடி போயிடுச்சு. 2000-ல வந்த 'அப்பு'வுல பிரகாஷ்ராஜ் 'மகாராணி'யா வந்து பயமுறுத்தினார். 2019-ல 'சூப்பர் டீலக்ஸ்' ஷில்பா, தன் பையனைப் பார்க்க வீட்டுக்கே திரும்பி வந்தாங்க. நடிச்ச விஜய் சேதுபதிக்கு தேசிய விருதும் கிடைச்சது. சூப்பர்தான். ஆனா, அதே வருஷம் வந்த 'பேரன்பு'ல மீராவா நடிச்ச அஞ்சலி அமீர் நிஜமாவே ஒரு திருநங்கை. மம்மூட்டிக்கு ஜோடி! 2017-ல 'அருவி'யில எமிலியா வந்த அஞ்சலி வரதனும் அப்படித்தான். 'நடிக்கத் தெரிஞ்சவங்க கிடைக்கல'ங்கிற சாக்கு இனி செல்லாது மச்சி.

மாஞ்செஸ்டர்ல ஒரு ஹேலி, தென்காசியில ஒரு சுயம்பு

'இதெல்லாம் நம்ம ஃபேமிலி ஆடியன்ஸ் ஒத்துக்க மாட்டாங்க, டி.ஆர்.பி. படுத்துடும்'னு ஒரு பல்லவி எப்பவும் ரெடியா இருக்கு. செக் பண்ணிப் பார்த்துடுவோமா?

இந்தியில கலர்ஸ் சேனல்ல 'ஷக்தி'ன்னு ஒரு சீரியல். ஹீரோயின் சௌம்யா ஒரு கின்னர். 2016-ல ஆரம்பிச்சு 2021 வரைக்கும் ஓடுச்சு. அதுலயும் ரூபினா திலைக்னு ஒரு பெண் நடிகைதான் நடிச்சாங்க, அந்தக் குறை இருக்கு. மெலோடிராமாவும் டன் கணக்குல இருக்கு. ஆனா, ஒரு கின்னர் மருமகளை அஞ்சு வருஷம் வீட்டுக்குள்ள வெச்சுப் பார்த்தது அந்த ஃபேமிலி ஆடியன்ஸ்தானே?

பிரிட்டன்ல 'கோரனேஷன் ஸ்ட்ரீட்'னு ஒரு மெகா சீரியல். 1960-ல ஆரம்பிச்சது, இன்னும் முடியல (நம்ம ஆளுங்க தோத்தாங்க!). அதுல 1998-ல ஹேலின்னு ஒரு கேரக்டர் வந்தாங்க. பிரிட்டிஷ் சீரியல்கள்ல நிரந்தரமா இடம்பிடிச்ச முதல் திருநங்கை கேரக்டர். நடிச்சது ஜூலி ஹெஸ்மண்டால்க், அவங்களும் திருநங்கை இல்ல. ஹேலி என்ன செஞ்சாங்க? பெருசா ஒண்ணுமில்ல. வேலைக்குப் போனாங்க, டீ குடிச்சாங்க, கஃபே நடத்துற ராய்ங்கிற கூச்ச சுபாவக்காரரைக் காதலிச்சாங்க. 1999 கதையில அவங்க கல்யாணத்துக்கு சட்டத்துல இடமில்ல. வெறும் ஆசீர்வாதம்தான் நடந்தது. 2004-ல பிரிட்டன்ல பாலின அங்கீகாரச் சட்டம் வந்தது. 2010-ல சீரியல்லயே ராயும் ஹேலியும் சட்டப்படி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. ஒரு சீரியலால சட்டம் மாறிச்சுன்னு கதை விட மாட்டேன். ஆனா, அந்தச் சட்டத்தால யாருக்கு என்ன கிடைக்கும்னு புரிஞ்சுக்க, ஜனங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஹேலி அவங்க வீட்டு டி.வி.யில இருந்தாங்க. 2014 வரைக்கும், 16 வருஷம்!

வெளிநாட்டுக்கு ஏன் போகணும்? நம்ம நெல்லைச் சீமைக்கே வாங்க. தென்காசி பக்கம் திப்பணம்பட்டியில பிறந்தவர் சு.சமுத்திரம். அவர் எழுதின 'வாடாமல்லி' 1990-கள்ல வாரப் பத்திரிகையில தொடர்கதையா வந்த நாவல். வாரா வாரம் வீட்டுக்கு வந்த அந்தக் கால சீரியல்! ஹீரோ சுயம்பு, கிராமத்துல இருந்து போய் இன்ஜினீயரிங் காலேஜ்ல படிக்கிற பையன். அந்த சுயம்பு மேகலையா மாறுறதுதான் கதை. 30 வருஷத்துக்கு முன்னாடியே பத்திரிகை வாசகர்கள் அதை ஏத்துக்கிட்டாங்க. டி.வி. இன்னும் யோசிச்சிக்கிட்டே இருக்கு.

கதை வேணுமா சார்?

சீரியல் டைரக்டர்களுக்கு எங்க மாவட்டத்துல இருந்து ஃப்ரீயா ஒரு நாட் தர்றேன். கோவில்பட்டி பக்கத்துல மந்தித்தோப்பு. அங்க 2020-ல திருநங்கைகளுக்குன்னே ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சாங்க. கூடவே அவங்களுக்குக் குடியிருப்பு. விடியக்காலை மாடு, பால் கேன், லோன் தவணை, தீவன விலை, பக்கத்து வீட்டுக்காரியோட தண்ணிச் சண்டை... யோசிச்சுப் பாருங்க, 500 எபிசோடுக்குத் தாங்கும்!

இன்னொரு நாட் வேணுமா? இதே தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் கிரேஸ் பானு. 2014-ல இன்ஜினீயரிங் காலேஜ்ல சேர்ந்தவங்க. தமிழ்நாட்டுல அப்படிச் சேர்ந்த முதல் திருநங்கைன்னு அறியப்படறவங்க. கல்வி, வேலையில திருநர்களுக்குத் தனி இட ஒதுக்கீடு வேணும்னு வருஷக்கணக்கா போராடிக்கிட்டு இருக்காங்க. ஒரு ஹாஸ்டல் ரூம், ஒரு அட்மிஷன் ஃபார்ம், அதுல 'ஆண் / பெண்'னு ரெண்டே கட்டம். முதல் எபிசோட் ரெடி!

இப்போ நம்ம ஃப்ரெண்ட் கதைக்கு வருவோம்.

திருச்செந்தூர்ல இருந்து கொஞ்ச தூரத்துல குலசேகரன்பட்டினம். குலசை தசரா தெரியாதவங்க உண்டா? முத்தாரம்மனுக்கு நேர்ந்துக்கிட்டு, விரதம் இருந்து, ஆயிரக்கணக்குல ஆம்பளைங்க சேலை கட்டி, காளி வேஷம், குறத்தி வேஷம் போட்டு ஊர் ஊரா காணிக்கை வாங்கிட்டு வருவாங்க. காளி வேஷம் போட்டவரை யாரும் கிண்டல் பண்ண மாட்டோம். பெரிய மீசைக்காரங்ககூட கையெடுத்துக் கும்பிடுவாங்க. எங்க பக்கத்து சுடலைமாடன் கோயில் கொடையில கணியான் கூத்து நடக்கும்போதும், பெண் வேஷம் கட்டி ஆடுற ஆம்பளைங்களை ஊரே விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும். சேலை கட்டின ஆம்பளையைக் கும்பிடத் தெரிஞ்ச ஊருக்கு, சேலை கட்டின திருநங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட மட்டும் ஏன் தெரியல?

போன தசராவுல, அந்தக் கூட்டத்துல, மேளச் சத்தத்துக்கு நடுவுல ஒரு குரல். "ஏல... எப்படில இருக்க?" திரும்பிப் பார்த்தா அவ. மஞ்சள் சேலை, நெத்தி நிறைய குங்குமம். வேஷம் இல்லீங்க, சாமி கும்பிட வந்திருந்தா. வேற ஊர்ல தையல் வேலை பார்க்கிறாளாம். கடற்கரை மணல்ல உட்கார்ந்து பேசினோம்.

சாரி சொன்னேன். "எதுக்குல?"ன்னா. சொன்னேன். கொஞ்ச நேரம் கடலையே பார்த்துட்டு இருந்தா.

"கைதட்டுனதெல்லாம் மறந்து போச்சுல. ஒருத்தர்கூட என்னைய பேர் சொல்லிக் கூப்பிடல பாரு... அது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

"அம்மாவப் பாத்தியா?"ன்னு கேட்டேன்.

"தசராவுக்கு வந்தா கோயிலோட போயிருவேன். வீட்டுக்குப் போறதில்ல. ஆனா, அம்மா போன் பண்ணுவாக. ராத்திரி சீரியல் முடிஞ்ச பொறவு. அத நானும் பாப்பேன்லா... ரெண்டு பேரும் அந்தக் கதையத்தான் பேசுவோம். மருமக இப்படிப் பண்ணிட்டா, மாமியா அப்படிப் பண்ணிட்டான்னு. என்னையப் பத்தி அவுகளும் கேக்க மாட்டாக, நானும் சொல்ல மாட்டேன்."

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. அவதான் சிரிச்சிக்கிட்டே சொன்னா. "அந்த சீரியல்ல ஒரு நாளைக்கு என்னைய மாதிரி ஒருத்தி வீட்டுக்கு வரணும்ல. ஆசீர்வாதம் பண்ண இல்ல. சும்மா வந்து, 'அம்மா, பசிக்கு'ன்னு உக்காரணும். அவ அம்மா ரெண்டு தோசை ஊத்திக் குடுக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு ராத்திரியும் எங்க அம்மா போன் பண்ணுவாகல்லா... அப்ப கேட்ருவேன், 'நான் வரட்டா?'ன்னு."

இதைத்தான் ஃப்ரெண்ட்ஸ் சொல்ல வந்தேன். அந்தத் தோசை சீனை எழுத சேனல்காரங்களுக்கு எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாது. நம்மள்ல சிலர் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறோம், ஷார்ட் ஃபிலிம் எடுக்கிறோம், நாளைக்கு சேனல்ல வேலைக்கும் போவோம். அப்போ அந்த சீனை மறந்துடாதீங்க. அந்த ரோலை ஒரு திருநங்கைக்கே கொடுங்க. இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு ஆச்சி பக்கத்துல பத்து நிமிஷம் உட்கார்ந்து, 'அவுக வீட்டக் காட்டுவானா?'ன்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. என்ன பதில் வருதுன்னு எனக்கு எழுதுங்க.

அப்புறம் நாளைக்குக் காலைல அட்டெண்டன்ஸ். 'ஒன்பது'ன்னு சார் கூப்பிடும்போது பின்னாடி அந்தச் சிரிப்பு கேட்டா, திரும்பி ஒரு பார்வை பாருங்க. போதும்.

அடுத்த வாரம் பார்க்கலாமா? டாட்டா!